வாசல்வரை பேருந்து வர வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவமனை, கல்லூரி, அலுவலக வளாகம் என்று முக்கியமான எல்லா இடங்களின் வாசலுக்கும் நகரப் பேருந்து போக வேண்டும் என்ற கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், தினமும் அப்படியொரு வாசலுக்குள் போய்த் திரும்பும் பேருந்தில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பேருந்து நேர்ச்சாலையை விட்டு ஒரு மருத்துவமனைச் சந்துக்குள் திரும்பும். வேகத்தடை, காவலாளியின் விசில், குறுக்கே நிற்கும் ஆம்புலன்ஸ், பிறகு ஒரு வட்டம். இரண்டு பேர் இறங்குவார்கள். மற்ற எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்போம். இறங்குபவர் ஸ்கேன் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாகப் படியில் கால் வைக்கும்போது முணுமுணுக்கவும் மனம் வராது.

ஆனாலும் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. போய்வர 60 நிமிடம் ஆகும் தடத்தில் 4 வண்டிகள் ஓடினால் 15 நிமிடத்துக்கு ஒன்று வரும். போகும்போதும் வரும்போதும் 8 நிமிடச் சுற்றைச் சேர்த்தால் ஒரு நடை 76 நிமிடம். அதே 4 வண்டிகள் இனி 19 நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும். வீடு திரும்ப நிற்கும் அந்த ஸ்கேன் உறைக்காரருக்கும் அதே 19 நிமிடம்தான்.

ஆகவே, ஓர் இடம் எவ்வளவு முக்கியமானது என்பதோடு, அது வழியில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1970களிலேயே இதை யோசித்தது. பேருந்துக்கான தனிப்பாதை ஓடும் முதன்மைச் சாலைகளை ஒட்டியே உயரமான கட்டடங்களை வளரவிட்டது. நாமோ மலிவாக நிலம் கிடைத்த மூலையில் கட்டி, திறப்பு விழாவும் முடிந்த அப்புறம் பேருந்து கேட்டு மனு கொடுக்கிறோம்.

அதற்காக, கூட்டம் இல்லாத ஓரங்களைக் கைவிடச் சொல்லவில்லை. அங்கே வேறு வழியில்லாதவர்கள் இருப்பார்கள். அமெரிக்காவின் ஹியூஸ்டனில் 2015இல் தடங்களை மொத்தமாக மாற்றியபோது, பேருந்து ஓட்டுவதற்கான வளத்தில் 80 சதவீதத்தைப் பயணிகள் அதிகம் ஏறும் தடங்களுக்கும், 20 சதவீதத்தை ஆள் குறைந்த பகுதிகளுக்கும் என்று முதலிலேயே பிரித்துக்கொண்டார்கள். அந்த 20 யாருக்கு என்று சண்டை வரும். வரட்டும், அது சபையில் எல்லோர் முன்னாலும் நடக்க வேண்டிய சண்டைதான். இப்போது மனு கொடுத்தவருக்கு ஒரு சுற்று, சத்தம் போட்டவருக்கு ஒரு சுற்று என்று சேர்ந்து, தடம் குடலாய் நெளிகிறது.

நிறுத்தத்திலிருந்து 400 மீட்டர்வரை மக்கள் நடப்பார்கள் என்று திட்டமிடுபவர்கள் சொல்வது வழக்கம். நோயாளிக்கு அது அதிகம், சரி. ஆனால் நான் சொல்லும் மருத்துவமனையின் பின்சுவர், பேருந்து போகும் நேர்ச்சாலையை ஒட்டியே நிற்கிறது. நிறுத்தம் அதற்கு நேர் எதிரே. சுவரில் ஒரு சின்ன கேட்டும் உண்டு. நான் பார்த்த நாள் முதலாக அது பூட்டித்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
தினசரிப் பயணி ஒருவர்