அக்காவைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இந்த மடல் நான்கு மாதம் தாமதம். அக்கா இறந்துபோன வாரத்திலேயே எழுத உட்கார்ந்தேன். "ஆறுதல் சொன்ன அனைவருக்கும்" என்பதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. உள்ளதைச் சொன்னால், அந்த ஆறுதல்களுக்கு நன்றி சொல்ல எனக்கு அப்போது மனமும் இல்லை. "நல்ல ஆத்மா", "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று வந்த செய்திகளைப் படித்தால் முன்பின் தெரியாத யாருக்கோ எழுதியது போல இருந்தது. அக்கா முப்பது வருஷம் புரூஃப் பார்த்தவள், அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்துவதுதான் அவள் தொழில். அந்தச் செய்திகளில் விட்டுப்போன ஒற்றுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிறகுதான் போன் விஷயம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த நாட்களில் என் பழைய போன் செத்துப்போனது. பேக்கப் எடுத்து வைக்கவில்லை. என் சோம்பல்தான், வேறு யாரையும் நோக முடியாது. அவள் எனக்கு அனுப்பிய குரல் பதிவுகள் அத்தனையும் அதோடு போயின. ஒரு ராத்திரி பொறுக்கமாட்டாமல், "அக்காவின் குரல் யாரிடமாவது இருக்கிறதா?" என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டேன்.

வாட்ஸப்பில் குரல் அனுப்பும் வசதி 2013இல் வந்தது. அது கைக்கு வந்ததிலிருந்து அக்கா தட்டச்சு செய்வதை விட்டுவிட்டாள். தட்டினால் பிழை வரும், பிழையோடு ஒன்றை அனுப்ப அவளால் ஆகாது. அனுப்பியவள் போய், என் போனும் போன பிறகும், வாங்கியவர்கள் கையில் அது அப்படியே இருந்திருக்கிறது. இரண்டு வாரத்தில் 63 பதிவுகள் வந்தன.

வந்தவை எல்லாமே எனக்கு அனுப்பப்பட்ட நாளின் தேதியோடு வந்து சேர்ந்தன. எது எந்த வருஷம் பேசியது என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சித்தி மகன்தான் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "அந்த அரட்டையில் மேலே போய், அன்றைக்கு என்ன தேதி போட்டிருக்கிறது பாருங்கள்" என்று கேட்டுக் கேட்டு வரிசைப்படுத்தினான். தம்பி, அந்த நான்கு ராத்திரி நீ தூங்கவில்லை என்று உன் மனைவி சொன்னாள்.

மிக நீளமானது நான்கு நிமிஷத்துக்கு மேல். கூட வேலை பார்த்தவர் ஒருவருக்கு 'வாழ்த்துகள்' பாடம்: "நடுவுல ஒரு 'க்' போட்டீங்கன்னா வாழ்த்தோட சேர்த்துக் கள்ளும் ஊத்திக் குடுக்கற மாதிரி ஆயிடும் சார்." மிகச் சின்னது மூன்று விநாடி: "ம்ம். சரி. வை." நான் அதிகம் கேட்டது அந்த மூன்று விநாடியைத்தான். பெரும்பாலான பதிவுகளில், பேச்சு தொடங்குவதற்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் இருக்கிறது. பத்துப் பதினைந்து கேட்ட பிறகுதான் பிடிபட்டது, அவள் சிவப்புப் பேனாவை மூடும் சத்தம். பக்கத்தில் இருந்து கேட்ட வருஷங்களில் ஒருநாளும் அது என் காதில் விழவில்லை.

குரல் இல்லாதவர்கள் ஞாபகம் அனுப்பினீர்கள். நான் கேட்கவே இல்லை, நீங்களாக அனுப்பினீர்கள்.

அவளிடம் தொழில் பழகிய பெண்ணே, நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. சேர்ந்த மாதமே தலைப்பில் ஒரு எழுத்தைத் தவறவிட்டாய், அது அச்சாகியும் போனது. முதலாளி முன்னால் "நான்தான் பார்த்தேன்" என்று அக்கா சொன்னாள். அறைக்குத் திரும்பியதும் உன்னை ஒரு மாதம் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கிப் படிக்க வைத்தாள். "நேரா படிச்சா பொருள் உன்னை இழுத்துக்கிட்டுப் போயிடும்டி, எழுத்து கண்ணுல படாது." வீட்டில் அவள் யாருக்காகவும் பழி ஏற்றதாக எனக்கு நினைவில்லை. உடைத்தது யார் என்ற பேச்சு வந்தால் முதலில் நீளும் விரல் அவளுடையதுதான், அது என்னைப் பார்த்துத்தான் நீளும்.

கவிஞர் தோழிக்கு. முதல் தொகுப்பை ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அவள் மூன்று பக்கம் சிவப்பாக்கித் திருப்பித் தந்தாள். இரண்டு வருஷம் நீங்கள் பேசவில்லை. இதை எழுதி அனுப்பிவிட்டு மறுநாளே "எடுத்துவிடு, இப்போது எதற்கு" என்றீர்கள். வீட்டிலும் ஓரிருவர் அதையேதான் சொன்னார்கள். புரூஃபில் தெரியாமல் அடித்துவிட்ட சொல்லை மீட்க, அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைப்பார்கள். 'இருக்கட்டும்' என்று அர்த்தம். எல்லோருடைய ஞாபகங்களையும் எழுதி வைத்திருக்கும் நோட்டில் உங்கள் பத்தியின் அடியில் புள்ளி வைத்திருக்கிறேன். அதை எடுத்தால், இரண்டு வருஷம் கழித்து அவளே போன் செய்து, "நாப்பதாம் பக்கத்துக் கவிதை எனக்கு மனப்பாடம். அதைச் சொல்லவே இல்லைல்ல?" என்று கேட்டதும் சேர்ந்து போய்விடுமே.

மனநல ஆலோசகரான தோழி ஒருவருக்கும் சொல்ல வேண்டும். "இன்னும் எத்தனை நாள் இப்படியே பதிவைக் கேட்டுக்கொண்டிருப்பது?" என்று நான் கேட்டபோது அவர் புத்தி சொல்லவில்லை, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டைப் பற்றிச் சொன்னார். இறந்தவரிடமிருந்து மனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்று 1917இல் எழுதியவர் அவர். 1920இல் அவருடைய மகள் சோஃபி காய்ச்சலில் இறந்தாள். 1929இல், மகனைப் பறிகொடுத்த நண்பருக்கு அவர் எழுதிய கடிதத்தில், "இன்று என் மகளுக்கு முப்பத்தாறு வயது ஆகியிருக்கும்" என்ற கணக்கு வருகிறது. அந்த இடத்தை எது வந்து நிரப்பினாலும் அது வேறு ஒன்றாகவே இருக்கும், அப்படி இருப்பதும் சரிதான் என்று எழுதியிருக்கிறாராம். அன்றைக்கு நான் எதுவும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவுக்கு இந்த வருஷம் என்ன வயது ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பெயர் சொல்லாமல் விட்டவர்கள் நிறையப் பேர். மாடி வீட்டு அம்மா, அவள் பேருந்தில் தினமும் பார்த்துச் சிரித்த நடத்துநர், அவளுடைய கையெழுத்துப் பிரதி ஒன்றை ஸ்கேன் செய்து அனுப்பிய தட்டச்சாளர். ஒரே நாளைப் பற்றி இருவர் எழுதியதில், ஒருவருக்கு மழை பெய்கிறது, இன்னொருவருக்கு வெயில் கொளுத்துகிறது. இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

இந்த மடலை அனுப்புமுன் அவளிடம் தொழில் பழகிய அந்தப் பெண்ணிடமே பார்க்கக் கொடுத்தேன். ஐந்து பிழை. கடைசியில் நான் 'உங்கள் அனைவருக்கும் நன்றிகள்' என்று முடித்திருந்தேன். 'கள்' மேல் சிவப்புக் கோடு; ஓரத்தில், "நன்றிக்குப் பன்மை கிடையாது. அக்கா அடித்திருப்பார்."

உங்கள் அனைவருக்கும் நன்றி.

தம்பி