உறிஞ்சும் தரையும் முன் இறக்கையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபார்முலா 1 கார்களைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரை, முன் இறக்கையின் மேல் மோதும் காற்றே காரைத் தரையோடு அழுத்துகிறது என்று கூறியிருந்தது. இதில் உண்மை கொஞ்சம்தான். விமான இறக்கையைக் கவிழ்த்து வைத்தது போன்ற அந்த இறக்கைக்கும் சாலைக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளியில் காற்று விரைந்து பாய்வதால் அங்கே அழுத்தம் குறைகிறது. கார் கீழ்நோக்கி இழுபடுவதற்கு அந்தக் குறைவே முதன்மைக் காரணம். இறக்கை தரையை நெருங்க நெருங்க இந்தக் கீழ்நோக்கு விசை கூடும். அளவுக்கு மீறி நெருங்கினாலோ காற்றோட்டம் தடைபட்டு அந்த விசை சட்டென்று சரியும்.

இதே விளைவைக் காரின் முழு அடிப்புறத்துக்கும் விரித்தவர்கள் லோட்டஸ் அணியினர். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் (காற்றை வேகமாகச் செலுத்திச் சோதிக்கும் கூடத்தில்) சோதித்தபோது, மாதிரிக் காரின் பக்கப் பகுதிகள் தரையை நோக்கித் தொய்வதையும், அவை தொய்யத் தொய்யக் கீழ்நோக்கு விசை பெருகுவதையும் அந்த அணியின் பொறியாளர் பீட்டர் ரைட்டின் குழுவினர் கவனித்தார்கள். ஓரத்து இடைவெளிகளை அட்டையால் அடைத்துப் பார்க்க, விசை இன்னும் எகிறியது. அதிலிருந்து 1977இல் லோட்டஸ் 78 பிறந்தது. மறு ஆண்டு லோட்டஸ் 79இல் மரியோ ஆண்ட்ரெட்டி உலகச் சாம்பியன் ஆனார். அந்த இடைவெளிகளை அடைக்கக் காரில் பொருத்திய ஓரத் தடுப்பு சிக்கிக்கொண்டாலோ உடைந்தாலோ வளைவின் நடுவே பிடிப்பு முழுவதும் போய்விடும் என்ற அபாயமும் கூடவே வந்தது. அதனால் 1983இல் தட்டையான அடித்தளம் கட்டாயமாக்கப்பட்டது.

கட்டுரை தொடாத இன்னொன்று, முன்னே செல்லும் காரின் கலங்கிய காற்று. பின்தொடரும் காரில் அதை முதலில் சந்திப்பது முன் இறக்கைதான். பழைய விதிகளின்படி அமைந்த கார் 20 மீட்டர் பின்னால் வரும்போது 35 சதவீதக் கீழ்நோக்கு விசையை இழந்தது. 2022இன் புதிய வடிவத்தில் அது 4 சதவீதமாகக் குறையும் என்று ஃபார்முலா 1 நிர்வாகம் கணித்தது. எளிமையான முன் இறக்கையும், காரின் அடியில் காற்று பாய மீண்டும் அனுமதிக்கப்பட்ட சுரங்கம் போன்ற வழிகளும் இதற்காகவே வந்தவை.

அவ்வாண்டு கார்கள் நேர்ச்சாலையில் குதித்ததை 'சஸ்பென்ஷன் கோளாறு' என்று எழுதியதும் பொருந்தவில்லை. வேகம் ஏற ஏறக் கார் தாழ்கிறது, தாழ்ந்ததும் அடியில் காற்றோட்டம் தடைபடுகிறது, விசை விட்டதும் கார் எழுகிறது, எழுந்ததும் மீண்டும் உறிஞ்சப்படுகிறது. மெர்சிடீஸ் அணி அந்தப் பருவம் முழுவதும் பட்ட பாட்டுக்கு இதுவே பெருங்காரணம். இந்தக் குதிப்பைத் தணிக்க 2023இல் அடித்தளத்தின் ஓரங்களை 15 மில்லிமீட்டர் உயர்த்த விதி செய்தார்கள்.

அடுத்த முறை இப்பொருளில் எழுதும்போது காரின் அடிப்புறத்தைக் காட்டும் படம் ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். 2023இல் மொனாக்கோவில் மோதி நின்ற செர்ஜியோ பெரஸின் ரெட் புல் காரைக் கிரேன் தூக்கியபோது எடுத்த படங்கள் உண்டு. மற்ற அணிகளின் பொறியாளர்களே அவற்றை ஆவலோடு ஆராய்ந்தார்கள்.

இப்படிக்கு,
இயந்திரவியல் படித்த வாசகர்,
கோவை