புதுப் பிள்ளைகளுக்கு இன்னும் பெட் கொடுக்கவில்லை

அன்புள்ள செல்விக்கு,

போட்டோக்கள் வந்தன. கொட்டுகிற பனியில் தலையில் மல்லிகைப்பூ! அங்கே எங்கேடி கிடைத்தது உனக்கு? அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. சின்னவள் பன்னிரண்டாவது போய்விட்டாள். டெய்சியைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், இன்னும் சாவியைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள். சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

உங்கள் பக்கம் ஐசியுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் குறைந்தது ஆறு வாரம் தனி நோயாளி கிடையாது, சூப்பர்நியூமரரி, அதாவது கூடுதல் ஆள் என்று ஒருமுறை போனில் சொன்னாய் இல்லையா? அதைப் பிடித்துக்கொண்டு நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட் மேடத்தை விடாமல் நச்சரித்து, நம் ஐசியுவுக்கு வந்திருக்கும் இந்தப் புது நர்ஸ் பேட்சுக்கும் அதையே வாங்கிவிட்டேன். டியூட்டி சார்ட்டில் அவர்கள் பெயர் கீழே தனியாக இருக்கும், ஆள் கணக்கில் சேராது. நாம் சேர்ந்த வாரத்திலேயே நம்மை நைட் போட்டு, அலாரம் அடித்தால் எந்த பட்டனை அமுக்குவது என்று மட்டும் காட்டிவிட்டுப் போனார்களே, அந்தக் கதை இவர்களுக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

வந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஜி.என்.எம். டிப்ளமோ, பாதிப் பேர் பி.எஸ்ஸி. நர்ஸிங். மூன்று வருஷம் படித்தாலும் நாலு வருஷம் படித்தாலும், ஐசியு என்றால் போஸ்டிங்கில் ஓரமாக நின்று பார்த்ததுதான் எல்லோருக்கும். முதல் வாரம் மானிட்டர் பக்கமே திரும்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நோயாளியைத் தொட்டுப் பார், கை கால் சூடா சில்லென்றா, நெஞ்சு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறுகிறதா, யூரின் பையில் என்ன நிறம், மூச்சு டியூப் உதட்டருகே எந்த எண்ணில் கட்டியிருக்கிறது, தலைப்பக்கம் முப்பது டிகிரிக்கு மேல் தூக்கியிருக்கிறதா. இதெல்லாம் பார்த்து எழுதி முடித்த பிறகு மானிட்டரைப் பார்க்கலாம்.

இரண்டாவது வாரம் வென்டிலேட்டர். அலாரம் அடித்தால் வரிசையாகச் சொல்ல வைக்கிறேன்: டியூப் நகர்ந்ததா, அடைத்ததா, நெஞ்சுக்கூட்டில் காற்று புகுந்ததா, மெஷின் கோளாறா. எதுவும் பிடிபடவில்லை, ஸாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு இறங்குகிறது என்றால் மெஷினைக் கழற்றி ஆம்பு பேகில் ஆக்ஸிஜனை மாட்டிக் கையால் அமுக்கு, ஆளைக் கூப்பிடு. டியூட்டி ஏறியதும் தலைமாட்டில் ஆம்பு பேக் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்க்காமல் ஹேண்ட்ஓவர் வாங்கக் கூடாது. ஒரு பையன், "இந்தப் பையை எவ்வளவு நேரம் அமுக்க முடியும் அக்கா?" என்று கேட்டான். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது நடந்ததைச் சொன்னேன். இருந்த மெஷின்கள் போதவில்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, பையைக் கையால் அமுக்கச் சொன்னார். மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு இரவு பகலாக, வாரக்கணக்கில் அமுக்கினார்கள். ஐசியு என்று ஒன்று உருவானதே அதிலிருந்துதான். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் கையில் பிறந்த வேலை இது என்றதும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

இப்போது போன வாரம் நடந்ததைக் கேள். செப்சிஸ் நோயாளி, கிருமித்தொற்று உடம்பையே கவிழ்க்கிற நிலை. பிரஷரை நேரடியாக அளக்க ரத்தக்குழாயில் ஆர்ட்டீரியல் லைன் ஓடுகிறது, பிரஷரை ஏற்ற நார்அட்ரினலின் மருந்து போகிறது. மானிட்டரில் மீன் பிரஷர், அதாவது சராசரி ரத்த அழுத்தம் 72. டார்கெட் 65 என்பதால் பெட் ஸ்டாஃப் நார்அட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னொரு வென்டிலேட்டர் பெட்டும் சேர்த்து இரண்டு. நம் புதுப் பெண் ஒருத்தி, பேச்சே வராது, ஹேண்ட்ஓவரில் கூட முணுமுணுப்பாள், என்னிடம் வந்து, "அக்கா, பிரஷர் நல்லா இருக்கு, ஆனா கால் முட்டி வரைக்கும் சில்லுன்னு இருக்கு. யூரினும் ஒரு மணி நேரமா பத்து மில்லிதான்" என்றாள். போய்ப் பார்த்தேன். படுக்கை மாற்றும்போது கட்டிலை உயர்த்தியிருக்கிறார்கள். அந்த லைனின் பிரஷரை அளக்கிற டிரான்ஸ்டூசர் பழைய இடத்திலேயே கம்பத்தில் இருக்கிறது, இதயத்துக்கு ஒரு சாண் கீழே. பத்து சென்டிமீட்டர் இறங்கினால் ஏழெட்டு கூட்டிக் காட்டும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்குள் நடுக்கோட்டில் நாலாவது விலா இடைவெளிக்கு நேராக ஏற்றி ஜீரோ செய்ததும் மீன் பிரஷர் 57!

உடனே நார்அட்டை ஏற்றினோம், டாக்டர் வந்தார், சாயங்காலத்துக்குள் யூரின் நன்றாக வர ஆரம்பித்தது. அந்த ஸ்டாஃபை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்று நம் நாட்டு வழிகாட்டுதலே சொல்லும்போது, இரண்டு பேரைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவளிடம் என்ன கேட்பது? அந்தச் சின்னப் பெண்ணுக்கு பெட் இல்லை, அதனால்தான் காலைத் தொட்டுப் பார்க்க நேரம் இருந்தது. அவளிடமும் இரண்டு பெட்டைக் கொடுத்திருந்தால் அவளும் மானிட்டரில் 72 என்று பார்த்து எழுதிவிட்டுப் போயிருப்பாள்.

அதற்குள் வந்துவிட்டது வினை. இந்த மாதம் சீனியர்கள் சிலர் ராஜினாமா பேப்பர் போட்டுவிட்டார்கள், எல்லாம் வெளிநாட்டு வேலைக்கான ஓ.இ.டி. ஆங்கிலப் பரீட்சை பாஸ். உன் கட்சிதான், வாழட்டும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்துக்கு வரும் திங்கள்கிழமையிலிருந்து இந்தப் பிள்ளைகளை பெட்டில் போடச் சொல்கிறார்கள். ஆறு வாரம் பாதிதான் ஆகியிருக்கிறது. "மத்த இடத்துல எல்லாம் வந்த அன்னைக்கே வேலை பாக்கிறாங்க சிஸ்டர்" என்கிறார் மேனேஜர். பயந்த ஃப்ரெஷர் ஆறு மாதத்தில் ஓடிவிடுகிறாள், மறுபடி புது ஆள், மறுபடி அதே பாடம், அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? எனக்கு ஆத்திரமாக வருகிறது செல்வி. இன்னும் சிரிஞ்ச் மாற்றப் பழக்கவில்லை. நார்அட் சிரிஞ்ச் தீர்ந்து மாற்றுகிற அந்த ஒரு நிமிஷத்தில் பிரஷர் எப்படிக் கவிழும் என்று அவர்கள் கண்ணால் பார்த்ததே இல்லை. பொட்டாசியம் ஆம்பூலை இரண்டு பேர் சேர்ந்து சரிபார்ப்பது இன்னும் கையில் படியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்பி, யார், என்ன, எப்போதிலிருந்து, எனக்கு என்ன வேண்டும் என்று நாலு வரியில் சொல்லச் சொன்னால் பாதிப் பேருக்குக் குரலே எழும்பவில்லை.

போன செவ்வாய் ஒரு மரணம். ஆம்பு பேக் பற்றிக் கேட்டானே, அந்தப் பையனுக்கு அதுதான் முதல். டியூபை எடுத்து, முகம் துடைத்து, தாடையைக் கட்டி, உறவினர்களை உள்ளே விடுவது வரை பக்கத்தில் நின்று செய்ய வைத்தேன். அப்புறம் கேன்டீனில் உட்கார வைத்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க அக்கா, நான் என்ன சொல்லியிருக்கணும்?" என்றான். தனி பெட்டும் நைட்டும் கொடுத்துவிட்டால் இந்தக் கேள்வியை அவன் யாரிடம் கேட்பான்?

வெள்ளிக்கிழமை மேடத்துடன் மீட்டிங். ஐசியு தலைமை டாக்டர் நம் பக்கம், டிரான்ஸ்டூசர் விஷயத்தை அவரே சொல்கிறேன் என்றிருக்கிறார். நீ ஒன்று செய். உங்கள் யூனிட்டில் புதியவர்களுக்கு ஒவ்வொரு வேலையாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறீர்களே, அந்த ஸ்டெப் ஒன் காம்பிடென்சி புத்தகம், அதன் பக்கங்களை வியாழனுக்குள் அனுப்பு. ஆறு வாரத்தில் யார் யார் நின்றார்கள், யார் போனார்கள் என்று உன் அனுபவத்தையும் நாலு வரி எழுது. மேடம் வெளிநாட்டுத் தாளுக்குக் கொஞ்சம் மரியாதை கொடுப்பார், அது நமக்கு உதவட்டும். ஆறு வாரம் முழுசாகக் கிடைக்காவிட்டால், பகல் ஷிஃப்டில் மட்டும் ஒரு பெட், பக்கத்து பெட்டில் சீனியர் என்றாவது எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வருவேன்.

உன் அன்பு,
கலா