தலையில் அடிபட்டவரை உட்கார வைக்கும் ஆட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுப் பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். 31 வருடம் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போதும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊருணிக்குப் பக்கத்துப் பொட்டலில் பத்துப் பதினைந்து பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிறேன். உங்கள் நாளிதழ் என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டு முகப்பில் விழுகிறது.

இரண்டு வாரத்துக்கு முன் சிறுவர் பக்கத்தில் ஒரு பிள்ளை ரக்பி என்றால் என்ன என்று கேட்டிருந்தது. மேல்நாட்டு முரட்டு விளையாட்டு, ஆளை ஆள் தள்ளிப் பந்தைப் பறிப்பது என்ற அளவில் பதிலை முடித்துவிட்டீர்கள். முரட்டு ஆட்டம் என்பது சரிதான். அதோடு நிறுத்தியதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. 2025 மே 25ஆம் தேதி இதழையும் எடுத்துப் பார்த்தேன். முந்தின நாள்தான் ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம் நடந்திருந்தது. விளையாட்டுப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஐ.பி.எல். செய்திதான் பக்கம் முழுக்க இருந்தது. ஐ.பி.எல். வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் பார்க்கிறவள்தான். ஆனால் அந்த ரக்பி சீசனில் நம் பிள்ளைகளுக்கு வேண்டிய ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பள்ளத்தூர்க்காரிக்கு ரக்பி எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் மகள் அயர்லாந்தில் டப்ளினில் நர்ஸ். அவள் பேறுகாலத்துக்காகப் பிப்ரவரியில் போனேன். பிரசவ லேகியமும் ஒரு டின் சீப்புச் சீடையுமாகப் போய் இறங்கிய வீட்டில், சனிக்கிழமை ஆனால் டிவியில் ரக்பிதான். மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் எல்லாரும் லென்ஸ்டர் அணியின் ரசிகர்கள். அவருக்கும் அது தொற்றிக்கொண்டது. பேரனை மடியில் போட்டுக்கொண்டு நானும் பார்த்தேன். முதல் ஆட்டத்தில் ஒன்றும் புரியவில்லை. இரண்டாவதில் புரிந்துவிட்டது, ஏனென்றால் அது பாதிக் கபடி.

ஒரு பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிடம். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் கையால் கொடுப்பதென்றால் பின்னால் வருகிறவருக்குத்தான் கொடுக்க வேண்டும். பந்து வைத்திருப்பவர்தான் ரைடர். அவர் காலைக் கட்டி, இடுப்பைக் கட்டி விழுத்தாட்டுகிறார்கள். அங்கேயும் அதற்கு டேக்கிள் என்றுதான் பெயர். எதிர்க்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, 5 புள்ளி. அதன் பின் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. தப்பு ஆட்டத்துக்குக் கிடைக்கும் பெனால்டியை உதைத்து எடுத்தால் 3. இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தை ஆட்டமே சொல்லிக் கொடுக்கும்.

இந்த சீசன் சாம்பியன்ஸ் கோப்பையில் 24 அணிகள். இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இத்தாலியோடு தென் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்து ஆடினார்கள். டிசம்பரில் தொடங்கி மே மாதம் முடிந்தது. லென்ஸ்டர் 2022, 2023, 2024 என்று வரிசையாக மூன்று இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி. 2023இல் சொந்த ஊரான டப்ளினிலேயே 17-0 என்று முன்னால் போய்விட்டு, 27-26 என்று ஒரே புள்ளியில் லா ரோஷெல் அணியிடம் விட்டார்கள். அதனால் இந்த வருடம் அவர்கள் ஆடிய ஆட்டத்தில் ஒரு வெறி தெரிந்தது. ஏப்ரலில் ஹார்லெக்வின்ஸ் அணியை 62-0. அடுத்த வாரம் கிளாஸ்கோ அணியை 52-0. நாக்அவுட் ஆட்டம் இரண்டில் எதிரணிக்கு ஒரு புள்ளி கூடக் கொடுக்கவில்லை! கோப்பை வீட்டுக்கு வந்துவிட்டது என்றே மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்.

மே 3ஆம் தேதி அரையிறுதி, டப்ளின் அவீவா அரங்கில், இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் அணியோடு. மகள் பிள்ளையோடு வீட்டில் இருந்துகொண்டு, நீ போய்ப் பார்த்துவிட்டு வாம்மா என்று என்னை அனுப்பினாள். சுங்குடிச் சேலைக்கு மேல் மாப்பிள்ளையின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அந்த அரங்கில் ஒரு பக்கத்து இருக்கைகளுக்கு அடியிலேயே ரயில் போகிறது. 50,000 பேருக்கு மேல் உட்காரும் இடம். அங்கே நார்தாம்ப்டனின் டாமி ஃப்ரீமன் முதல் பாதியிலேயே மூன்று ட்ரை போட்டார். ஹென்றி போலக் என்று 20 வயதுப் பையன், பந்தை வாங்கிக்கொண்டு பிடிக்க வந்தவர்களையெல்லாம் தாண்டி ஓடினான் பாருங்கள், நல்ல ரைடர் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற அதே உடம்பு வளைவு. நான் லென்ஸ்டர்க்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து கை தட்டிவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து இருக்கைப் பெரியவரும் தட்டினார்.

இன்னொன்றையும் அங்கேதான் பார்த்தேன். எதிரணிக்காரர் கம்பத்தைப் பார்த்து உதைக்கப் போகும்போது கூட்டம் சத்தத்தை அடக்கிக்கொள்கிறது. வெளியூர்க்காரன் உதைக்கிறான், அவன் உதைத்தால் நம் அணிக்கு நஷ்டம். அப்படியும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். எத்தனை மாவட்டப் போட்டியில் எதிரூர்ப் பிள்ளை ரைடு போகும்போது விசில் அடித்து, ஆத்தா அப்பனைச் சொல்லித் திட்டிய கூட்டத்தை நான் அடக்க முடியாமல் நின்றிருக்கிறேன்!

கடைசி நிமிடங்களில் லென்ஸ்டர் கோட்டுக்குப் பக்கத்திலேயே முட்டி முட்டிப் பார்த்தார்கள். 34-37. மூன்றே புள்ளியில் போயிற்று. மாப்பிள்ளை ரயிலில் வீடு வரும் வரை பேசவே இல்லை.

மே மூன்றாவது வாரம் ஊர் திரும்பினேன். 24ஆம் தேதி இறுதி ஆட்டம், வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்தில். பிரான்ஸின் போர்டோ அணியும் நார்தாம்ப்டனும். மகள் டிவிக்கு நேராகப் போனை நிறுத்தி வைத்து வீடியோ காலில் காட்டினாள். இங்கே வளவில் பாய் போட்டு எட்டுப் பிள்ளைகள், என் போனைச் செம்பில் சாய்த்து வைத்துச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். படம் பாதி நேரம் உறைந்து நின்றது. ஆனாலும் போர்டோ அணியின் தாமியன் பெனோ யார் என்று இப்போது அந்த எட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்தப் போட்டியில் ஒரு சீசனில் 14 ட்ரை போட்ட முதல் ஆள். இதற்கு முன் இருந்த அதிகபட்சம் 11. முதல் பாதி 20-20. இரண்டாம் பாதியில் நார்தாம்ப்டனை ஒரு புள்ளி கூட எடுக்க விடாமல் போர்டோ 28-20 என்று ஜெயித்தது. அவர்களுக்கு இதுதான் முதல் ஐரோப்பியக் கோப்பை. அரையிறுதியில் அவர்கள் வீழ்த்தியது, இந்தக் கோப்பையை ஆறு முறை எடுத்த துலூஸ் அணியை. அப்புறம் போன மாதம் பிரான்ஸ் நாட்டுப் போட்டியின் இறுதியில் அதே துலூஸ் கூடுதல் நேரம் வரை இழுத்து 39-33 என்று பதிலுக்குப் பதில் கொடுத்துவிட்டது.

சரி, இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

ஏப்ரலில் டிவியில் பார்த்த ஒரு ஆட்டத்தில், டேக்கிள் போட்ட ஒருவருக்குத் தலையில் அடி. எழுந்து நின்றார். எனக்கு ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். ஆனாலும் டாக்டர் தோளில் கை வைத்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். கேப்டன் தடுக்கவில்லை, கோச் கத்தவில்லை. அவருக்குப் பதில் இன்னொருவர் உள்ளே வந்தார், ஆட்டம் நடந்தது. நர்ஸ் என்பதால் மகள் விவரம் சொன்னாள். அடிபட்டவரைத் தனி அறையில் வைத்துச் சோதிக்க 12 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சில வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள். அடிமேல் அடி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்வார்கள். சீசனுக்கு முன்பே அவர் நல்ல நிலையில் இருக்கும்போது எடுத்து வைத்த மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். தேறவில்லை என்றால் அன்றைக்கு ஆட்டம் அவருக்கு முடிந்தது. பல்லுக்குப் போடும் கவசத்துக்குள்ளேயே அடியின் வேகத்தை அளக்கும் கருவியும் 2024லிருந்து வந்துவிட்டது. டாக்டர் நிற்காத ஊர் ஆட்டத்துக்கும் பள்ளிக்கூட ஆட்டத்துக்கும் விதி இன்னும் கண்டிப்பு. சந்தேகம் வந்தாலே வெளியே, அன்றைக்குத் திரும்ப உள்ளே கிடையாது.

அதைக் கேட்டதும் நான் பேரனை மகளிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

2009ஆம் வருடம் ஒரு மண்டலப் போட்டியில் என் அணியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஆடினாள். எதிராளியின் முழங்கால் அவள் நெற்றிப்பொட்டில் பட்டது. விழுந்தாள். நான் ஓடிப்போய் முகத்தில் தண்ணீர் அடித்தேன், குளுக்கோஸ் கொடுத்தேன். "ஆடுறியாடி?" என்று கேட்டேன். "ஆடுறேன் டீச்சர்" என்றாள். கேட்டால் வேறென்ன சொல்லும் பிள்ளை? அனுப்பிவிட்டேன். இரண்டு புள்ளியில் ஜெயித்தோம். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள், நாம் எங்கே போகிறோம் டீச்சர் என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திரும்ப அதையே கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கும்போது வாந்தி எடுத்து என் மடியில் சாய்ந்தாள். காரைக்குடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்கு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள், கடவுள் புண்ணியம். ஆனால் ஒரு வருடத்துக்குத் தலைவலி விடவில்லை, திரும்ப அவள் கோட்டுக்குள் இறங்கவே இல்லை. அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலில் நின்று பார்த்தார், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு யாராவது இந்த விதியைச் சொல்லியிருந்தால் அவளை உட்கார வைத்திருப்பேன், கோப்பை போனால் போகட்டும் என்று.

ரக்பிக்காரர்களும் இதைச் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 2003இல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை ஜெயித்த ஸ்டீவ் தாம்சன், நார்தாம்ப்டனுக்கும் ஆடியவர். நாற்பது வயது தாண்டியதுமே மறதி நோய் வந்துவிட்டது. கோப்பை வாங்கியது தனக்கு நினைவில்லை என்று 2020இல் வெளியே வந்து சொன்னார். அவரைப் போல நிறைய முன்னாள் வீரர்கள் ரக்பி அமைப்புகள் மேல் வழக்குப் போட்டார்கள். அத்தனை பேர் இழந்ததற்குப் பிறகும் அடி முழுசாக நின்றுவிடவில்லை. ஆனால் அடிபட்டவனை ஆட விடுவது வீரம் என்று இப்போது அங்கே யாரும் பேசுவதில்லை. நம் பக்கம் இன்னும் பேசுகிறோம். கபடியிலும் அப்படித்தான், தைக்கு அப்புறம் மஞ்சுவிரட்டிலும் அப்படித்தான். கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப இறங்குகிறவனுக்குத்தான் கைதட்டல்.

வெள்ளைக்காரன் ஆட்டம் நமக்கெதற்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879லிருந்து ஆடும் கல்கத்தா கோப்பை நம் வெள்ளி ரூபாய் 270ஐ உருக்கிச் செய்தது. கல்கத்தாவில் இருந்த கிளப் கலைந்தபோது வங்கியில் மிச்சமிருந்த பணம் அது. கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடியில் யானை. போன மாதம் மும்பையில் நடந்த நம் நாட்டின் முதல் ரக்பி பிரீமியர் லீக்கில், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் வகையில், கோப்பை எடுத்தது சென்னை அணி. இனியும் இது யாரோ ஆடும் ஆட்டம் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள். வரும் டிசம்பரில் அடுத்த சீசன் தொடங்குகிறது, இறுதி ஆட்டம் 2026 மே 23இல் ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தில். திங்கட்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் நாலு விரற்கடை இடம் கொடுங்கள். யார் யாரை எத்தனைக்கு ஜெயித்தார்கள் என்று போட்டால் போதும். அதற்கு முன், தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்பதைப் பெரிய எழுத்தில் ஒரு முறை போடுங்கள். வாந்தி, தடுமாற்றம், கேட்டதையே திரும்பக் கேட்பது, இதெல்லாம் என்ன அறிகுறி, உடனே யாரிடம் கொண்டு போவது என்று ஒரு டாக்டரை எழுதச் சொல்லுங்கள். ரக்பிச் சொற்களைக் கபடிக்காரர்களுக்குப் புரியும்படி எழுதித் தர நான் தயார், பணம் எதுவும் வேண்டாம்.

அந்தப் பக்கம் இதழில் வந்தால் பத்துப் பிரதி வாங்குவேன். எங்கள் சுற்றுவட்டாரப் பள்ளி ஒவ்வொன்றின் பி.டி. அறைக் கதவிலும் நானே போய் ஒட்டிவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.
ஜூலை 2025