மாப்பிள்ளை ஸ்கூபா பழகுவது பற்றி

மஸ்கட்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நான் நல்லா இருக்கிறேனுங்க. அய்யனுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே வெயில் இப்போதுதான் தணிந்திருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மத்தியானம் 12.30லிருந்து 3.30 வரைக்கும் வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று இந்த ஊரில் சட்டம். அதனால் பம்பு மாட்டப் போகிற நாங்கள் அந்த மூன்று மாதமும் கோழி கூப்பிடும்போதே கிளம்பிவிடுவோம். இங்கே ரூவிப் பகுதியில் இட்லி, பரோட்டாவுக்குப் பஞ்சமில்லை. நம்ம அரிசிம்பருப்புச் சாதம்தான் நானே ஆக்கினால் உண்டு.

சரி, போனில் கேட்டதற்கு வருகிறேன். லீவுக்கு அந்தமான் போய் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவது, பழகுகிறேன் என்று மாப்பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கிறான், விடலாமா என்றீர்கள். விடலாமுங்க. யாரிடம் பழகுகிறான் என்பதை மட்டும் பார்த்து விடுங்கள்.

"மோட்டார் ரூம் மேலிருந்து கிணற்றில் தலைகீழாகக் குதிக்கிறவனுக்கு என்ன பயம்" என்று மாமா சொல்வாருங்க. நீச்சல் தெரிந்தது நல்லதுதான். கோர்ஸில் 200 மீட்டர் நீந்தச் சொல்வார்கள், 10 நிமிடம் மிதக்கச் சொல்வார்கள். அதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. வில்லங்கமே அந்தக் கிணற்றுப் பழக்கம்தான்.

கிணற்றில் மூச்சை அடக்கிக்கொண்டு அடிமண் எடுத்து வருவான் அல்லவா, அதை ஸ்கூபாவில் செய்யவே கூடாது. மேலே இழுத்த மூச்சு உள்ளே போகப்போகச் சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்கு வரும், அவ்வளவுதான். சிலிண்டர் காற்று அப்படியில்லை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு பங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும். அதற்கு அத்தனை ஆழம்கூட வேண்டாம், ஒரு ஆள் மட்டத் தண்ணீரே போதும். எதற்காகவும் மூச்சை நிறுத்தாதே என்பதைத்தான் நல்ல வாத்தியார் முதல் பாடமாகச் சொல்வார். சொல்வதோடு விடாமல், இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார வைத்துப் பழக்கியும் விடுவார்.

அப்புறம் குதிக்கிற விஷயம். முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி, காலில் துடுப்பு. இதோடு கிணற்றில் மாதிரி பாய்ந்தால் சிலிண்டர் மண்டையில் அடிக்கும், மாஸ்க் பறந்துவிடும். பெரிய படகென்றால் மிதக்க வைக்கிற ஜாக்கெட்டில் பாதிக் காற்று ஏற்றி, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொடுக்கிற ரெகுலேட்டரை வாயில் வைத்து, கீழே ஆள் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கையால் ரெகுலேட்டரையும் விரல்களால் மாஸ்க்கையும் அழுத்திப் பிடித்து, பார்வையைத் தூரத்தில் வைத்து, வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி ஒரே ஒரு அகல எட்டு. அந்த நேரம் குனிந்து பார்க்கக் கூடாது. மேலே மிதந்ததும் படகுக்குக் கைகாட்டிவிட்டு, அடுத்தவன் இறங்க இடம் விட்டு நகர வேண்டும். சின்னப் படகில் விளிம்பில் உட்கார்ந்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, பின்பக்கமாகச் சாய்வார்கள். ஒருவர் மட்டும் விழுந்தால் படகு ஆடும் என்பதால், படகுக்காரர் சொல் கேட்டு எல்லாரும் ஒன்றாகச் சாய்வதுதான் வழக்கம். கரையிலிருந்து போனால் மணலில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். திருக்கை மீன் மணலுக்குள் புதைந்து கிடக்கும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு அம்மா. அதட்டிப் பேசியே பார்த்ததில்லை. இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரையும் ரெகுலேட்டரில் நாலு மூச்சு இழுக்கச் சொல்லி, சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டுகிற கேஜ் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார். சிலிண்டர் வால்வு சரியாகத் திறந்திருந்தால் முள் 200 பாரிலேயே (நிறைந்த சிலிண்டரின் அழுத்தம்) நிற்கும். அரைகுறையாகத் திறந்திருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் முள் கீழே விழுந்து எழும். சும்மா பார்த்தால் சிலிண்டர் நிறைந்திருப்பதாகத்தான் காட்டும். ஆழத்துக்குப் போன பிறகுதான் மூச்சுக்குக் காற்று போதாமல் திணறும்.

ஸ்கூபா பழக்குகிற இன்னொரு கடையும் பார்த்தேன். ஒறம்பரைப் பையன்கள் இரண்டு பேர் வந்தபோது கூட்டிப் போனேன். உடம்பு விவரம் கேட்கிற ஃபாரத்தைப் படிக்கக்கூட விடாமல் "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். நேரே படகுதான், நேரே கடல்தான். முன்னால் இறங்கியவர் நகர்வதற்குள் அடுத்தவரைத் தள்ளாத குறையாக இறக்கினார்கள். கட்டின பணம் போனால் போகட்டும் என்று பையன்களைத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டேன். அவர்களுக்கு என்மேல் இன்னும் கோபம்.

மாப்பிள்ளைக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்ததே, அதை அந்த ஃபாரத்தில் மறைக்க வேண்டாமுங்க. கோவையிலேயே டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகட்டும். ஒருநாள் அனுபவம் என்று விற்பதும் கோர்ஸும் ஒன்றில்லை. ஒருநாள் அனுபவத்தில் 12 மீட்டர் ஆழத்துக்கு மேல் இறக்கக் கூடாது, வாத்தியார் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கோர்ஸென்றால் முதலில் நீச்சல்குளம், அப்புறம் கடலில் நான்கு முறை, 18 மீட்டர் வரை. ஒரு வாத்தியாருக்கு எட்டுப் பேர் வரை விதி அனுமதிக்கிறது. என்னைக் கேட்டால் நாலுக்கு மேல் போனாலே கண் எட்டாது. விலை குறைவு என்று ஓடாமல், எத்தனை பேர், முதல் பாடம் எங்கே என்று கேட்கட்டும். கேட்டால் முகம் சுளிக்கிற இடம் வேண்டாம்.

அந்தமானிலிருந்து திரும்புகிற விமானத்துக்கும் கடைசியாகக் கடலில் இறங்கியதற்கும் நடுவில் 18 மணி நேரமாவது இருக்க வேண்டும். டிக்கெட்டை அதைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க. வெள்ளி, சனி எனக்கு லீவு. காலையில் கடலில் இருப்பேன், பொழுதோட கூப்பிட்டால் எடுப்பேன்.

உங்கள் தம்பி