விரல்களுக்கும் தொடக்கப் பாடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெற்றுவரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் சிறு வகுப்புக் குழந்தைகளுக்குப் பாட்டும் படமும் விளையாட்டுமாக எழுத்தை அறிமுகம் செய்கிறது. அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் பார்வையற்ற குழந்தைக்குப் பாட்டு பயன்படுகிறது. பட அட்டை பயன்படுவதில்லை. ஆகவே, தொட்டுப் படிப்பதற்கான பொருள்களையும் அங்கன்வாடியிலிருந்தே வழங்க வேண்டுகிறேன்.

பார்வையற்றோர் விரலால் தொட்டுப் படிக்கும் புடைப்பெழுத்தான பிரெயிலில் ஒவ்வோர் எழுத்தும் ஆறு புள்ளிகளுக்குள் அடங்குவது. பழகாத விரலுக்கு அந்தத் தாள் முழுவதும் ஒரே சொரசொரப்பாகத்தான் படும். உளுந்தையும் கொண்டைக்கடலையையும் தடவிப் பிரிப்பது, அட்டையில் ஒட்டிய நூலை இடமிருந்து வலமாக அழுத்தாமல் வருடிச் செல்வது போன்ற பயிற்சிகள் முதலில் வேண்டும். பிறகு, முட்டை அட்டையில் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என மேலிருந்து கீழாக இரண்டு வரிசையில் ஆறு குழிகளை வெட்டியெடுத்துப் புளியங்கொட்டைகளால் எழுத்தை அமைக்கலாம். இடப்பக்க மேல்குழியில் மட்டும் கொட்டை இருந்தால் அது ‘அ’. அதே பக்கத்தின் மேல்குழியிலும் அடிக்குழியிலும் இருந்தால் ‘க’. பல்லாங்குழி ஆடிய பாட்டியே இதை வீட்டில் சொல்லித்தரலாம். காக்கையும் வடையும் கதையைச் சொல்லும்போது இறகையும் மரப்பட்டையையும் சூடாறிய வடையையும் கையில் கொடுத்து, ஒவ்வொன்றின் பெயரையும் பிரெயிலில் பொறித்த சீட்டை உடன் வைத்தால், பொருளுக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு குழந்தைக்கு விளங்கும்.

அச்சுப் பாடத்தை அப்படியே புடைப்பெழுத்தாக மாற்றுவது போதாது. அச்சில் ‘கொ’ என்பதன் குறிகள் ககரத்தின் இருபுறமும் நிற்கின்றன. பிரெயிலிலோ ஒலிக்கும் வரிசையிலேயே ககரமும் அதையடுத்து ஒகரமும் வருகின்றன. இதை அறியாத ஆசிரியர் நல்லெண்ணத்தோடு விளக்கினாலும் குழந்தை குழம்பிப்போகும் என்பதால், பொருள்களோடு வகுப்பாசிரியர்களுக்கான பயிற்சியும் இன்றியமையாதது.

செல்பேசியே படித்துக்காட்டும் காலத்தில் பிரெயில் எதற்கு என்று படித்தவர்களே கேட்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ‘கரை’, ‘கறை’ இரண்டும் பெரும்பாலும் காதுக்கு ஒன்றாகவே ஒலிக்கின்றன; அவற்றை வேறுபடுத்தி எழுதும் திறன் எழுத்தைத் தானே படிப்பதால்தான் வாய்க்கும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உரிய அளவில் குறைபாடுடைய மாணவர்களுக்குப் பதினெட்டு வயது வரை நூல்களையும் கற்றல் பொருள்களையும் இலவசமாக வழங்கப் பணிக்கிறது. ஜூன் மாதம் பாடநூல்கள் வரும்போதே, உடன்பிறந்தவர்களும் சேர்ந்து படிக்கும்படி ஒரே பக்கத்தில் அச்சும் பிரெயிலும் கொண்ட கதைநூல்களோடு இப்பொருள்களும் பள்ளிக்கு வந்துசேரப் பள்ளிக்கல்வித் துறை ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
சிறப்புப் பயிற்றுநர் ஒருவர்,
திருநெல்வேலி