ஏ9 வீதியில் சைக்கிளில் செல்வோரின் உயிர்

ஆசிரியருக்கு,

கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் பரந்தனுக்கும் இடையே உள்ள நீண்ட நேர்ப்பாதைகளில்தான் சாரதிகளின் கை தொலைபேசியைத் தேடுகிறது. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் வினாடிக்கு 19 மீற்றருக்கு மேல் ஓடும். திரையை 3 வினாடி பார்த்தால் ஏறக்குறைய 58 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு ஓடியதாகிவிடும். பிரேக் பிடிக்கும் தூரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. காதில் மாட்டிப் பேசினாலும் கவனம் பேச்சில்தான். எதிரில் இருப்பது கண்ணில் பட்டும் மனதில் பதியாது. இப்படி வாகனம் மோதிச் சைக்கிளில் செல்வோர் சாவதை விதியென்று விட முடியாது.

சைக்கிளிலும் கவனிக்க வேண்டியது உண்டு. பின் மட்காட்டில் உள்ள சிவப்பு ஒளிதெறிப்பானை, கரியரில் கட்டிய விறகோ நெல்மூட்டையோ மறைத்துவிடுகிறது. டைனமோ விளக்கு சைக்கிள் நின்றதும் அணைந்துபோகும். வலப்பக்கம் திரும்பக் காத்து நிற்கையில் பின்னால் வருபவருக்கு எதுவுமே தெரியாது. ஆகவே பற்றரியில் எரியும் சிவப்பு விளக்கைக் கரியரின் கடைசிக் கம்பியில், சுமை மறைக்காதபடி பூட்டுங்கள். பெடல்களிலும் ஒளிதெறிக்கும் பட்டி ஒட்டினால், மேலும் கீழும் அசையும் வெளிச்சத்தைக் கொண்டே அது சைக்கிளென்று தூரத்தில் தெரியும்.

தார் விளிம்பில் பள்ளம் விழுந்த இடங்களில் ஓரம் ஒதுங்கினால் சில்லு சறுக்கி ஆளை விழுத்தும். ஐப்பசி மழைக்கு முன் அவற்றுக்குக் கிரவல் போட்டு இறுக்க வேண்டும். ரியூசன் விட்டுப் பிள்ளைகள் வரும் மாலை வேளைகளில் பொலிஸார் வேகத்தை மட்டுமல்ல, கைத்தொலைபேசியையும் கவனித்துப் பிடிக்க வேண்டும்.

சைக்கிள் திருத்துநர்,
கிளிநொச்சி